வந்தார்கள், காத்திருந்தார்கள், போய்விட்டார்கள்

2021 மே 2, ஞாயிற்றுக்கிழமை, நண்பகல் 12 மணி. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் சோற்றுத் தட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கைப்பேசியைக் கையில் எடுத்தார்கள். அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசிக்கு இணையம் வழியாகப் பதிவு தொடங்கும் நேரம் அது. இரத்தம் உறையும் என்ற அச்சம் மக்களிடையே பரவியதால், அந்தத் தடுப்பூசியைப் பொதுத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, விரும்பியவர்கள் பதிந்து போட்டுக்கொள்ளலாம் என்று ஏப்ரல் 28-இல்தான் அரசு அறிவித்திருந்தது. கோலாலம்பூர் உலக வாணிப மையம், மலாயாப் பல்கலைக்கழகம், பாங்கியில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், ஷா ஆலம் ஐடியல் மாநாட்டு மையம் ஆகிய நான்கு இடங்களுக்குமாக 268,600 பேருக்கு இடம். முந்தியவருக்கே முதலிடம். ஏறக்குறைய மூன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டாவது சுற்று மே 26, புதன்கிழமை. அன்றும் நண்பகல்தான். இம்முறை ஜொகூர், பினாங்கு, சரவாக் மக்களுக்கும் சேர்த்து ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் அத்தனையும் தீர்ந்தன. அன்று நடந்த கூத்து பலருக்கு இன்னும் மறந்திருக்காது. ஒருவருக்குத் தேதி காட்டும் கட்டமே வரவில்லை. இன்னொருவருக்கு இடங்களின் பட்டியல் வெறுமையாக இருந்தது. வேறொருவர் பெயர், அடையாள அட்டை எண் எல்லாம் நிரப்பிப் பொத்தானை அழுத்தினால், தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் போனார். "இப்படிச் செய்தால் பக்கம் திறக்கும்" என்று புலனக் குழுக்களில் குறுக்கு வழிகள் பறந்தன. தடுப்பூசித் திட்டத்தின் ஒருங்கிணைப்பு அமைச்சராக இருந்த கைரி ஜமாலுடின் பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

செய்திகளின் தலைப்பில் வந்தது இடம் கிடைத்தவர்களின் எண்ணிக்கை. பக்கம் திறக்கக் காத்திருந்து, சலித்து, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பியவர்களுக்குத் தலைப்பில் எண் கிடையாது. நண்பகல் 12 மணிக்குத் தொழிற்சாலையில் நிற்பவர், லாரி ஓட்டுபவர், கட்டண அட்டையில் மிச்சமிருக்கும் தரவை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர், நான்கு வருடப் பழைய கைப்பேசி வைத்திருப்பவர் ஆகியோர் அந்த வரிசையில் எந்த இடத்தில் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முந்தியவருக்கு முதலிடம் என்று சொல்லும்போது, யார் முந்துவார் என்பதைப் பக்கம் திறக்கும் வேகம் முடிவு செய்கிறது. உயிர் காக்கும் மருந்தாக இருந்தாலும் சரி, தீபாவளி முறுக்காக இருந்தாலும் சரி.

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் சேலைக் கடை வைத்திருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் முதலாளிக்குத் தெரியும். "உள்ளே வாங்கம்மா, புது டிசைன் வந்திருக்கு" என்று ஒரு குரல் கொடுப்பார். அதே கடையின் அகப்பக்கத்துக்கு வந்து, சக்கரம் சுற்றுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புபவரை யார் கூப்பிடுவது? அவர் வந்ததே முதலாளிக்குத் தெரியாது. அகப்பக்கத்தை அளப்பது என்று சொல்வதெல்லாம் வாசலுக்கு ஒரு கண் வைக்கிற வேலைதான்.

ஒருவர் வந்தால் இருபத்தொருவர்

தொண்ணூறுகளில் இணையம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கலாம். பக்கத்தின் அடியில் காரின் கிலோமீட்டர் கருவி மாதிரி ஓர் எண் ஓடும். "நீங்கள் 12,408-ஆவது வருகையாளர்" என்று சொல்லும். இன்னொரு கணக்கும் இருந்தது. 'ஹிட்' என்பார்கள். பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாக எண்ணப்படும். 20 படம் உள்ள பக்கத்தை ஒரே ஆள் திறந்தால் 21 ஹிட். மாதம் இரண்டு லட்சம் ஹிட் என்று மார்தட்டிக்கொண்ட தளங்களுக்கு உண்மையில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதை நீங்களே வகுத்துக்கொள்ளலாம்.

தமிழ்த் தளங்களுக்கு அந்தக் காலத்தில் இன்னொரு கொடுமையும் உண்டு. ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு. அதை இறக்கிக் கணினியில் பதிக்காவிட்டால் திரையில் கேள்விக்குறிகளும் கோடுகளும்தான் தெரியும். எந்தக் குறியாக்கத்தில் தமிழை எழுதுவது என்பது அன்று பெரிய விவாதம். 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் கூடியவர்களின் கவலைகளில் அதுவும் ஒன்று. நம் நாட்டுக்காரரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் இல்லாமல் அன்றைய தமிழ்க் கணினியை நினைத்துப் பார்க்க முடியாது. நான் சொல்ல வருவது வேறு. எழுத்துரு இல்லாததால் ஒரு வரிகூடப் படிக்க முடியாமல் திரும்பிய தமிழரையும் அந்தக் கிலோமீட்டர் கருவி "ஒருவர் வந்தார்" என்றுதான் எண்ணியது.

வானொலியில் வேலை செய்கிறவள் என்பதால் எனக்கு இந்தக் கோளாறு நன்றாகப் புரியும். காலை நிகழ்ச்சியில் ஒரு கேள்வி கேட்கிறோம். தொலைபேசி விளக்குகள் எல்லாம் எரிகின்றன. "அடேயப்பா, ஊரே கேட்கிறது" என்று கலையகத்தில் ஒரே உற்சாகம். கொஞ்ச நாள் போனால்தான் தெரியும், அழைக்கிறவர்கள் பெரும்பாலும் அதே நேயர்கள். குரலைக் கேட்டதும் பெயர் சொல்லிவிடலாம். காரில் கேட்டுக்கொண்டே போய், பிடிக்காத பாட்டு வந்ததும் அலைவரிசையை மாற்றிவிட்டவர் ஒருநாளும் அழைத்து "நான் மாற்றிவிட்டேன்" என்று சொல்லப் போவதில்லை. அதற்காகத்தான் நேயர் கணக்கெடுப்பு என்ற ஒன்று இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எப்போது எந்த அலைவரிசையைக் கேட்டார்கள் என்று நாட்குறிப்பில் குறித்துத் தருவார்கள். முடிவு கைக்கு வரும்போது மாதங்கள் ஓடியிருக்கும். அகப்பக்கம் வைத்திருப்பவருக்கு அதே கணக்கு மறுநாளே கிடைக்கிறது. அதுவும் இலவசமாக. பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

இலவசக் கணக்குப்பிள்ளை

இலவசம் என்ற பேச்சு 2005-இல் தொடங்கியது. அர்ச்சின் என்ற நிறுவனத்தை அந்த ஆண்டு வாங்கிய கூகுள், நவம்பரில் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் அந்தக் கருவியை எல்லாருக்கும் திறந்துவிட்டது. கூட்டம் தாங்காமல் சில நாள்களிலேயே புதிய பதிவுகளை நிறுத்திவைக்க வேண்டி வந்தது. அடுத்தவர் தளத்துக்கு வரும் கூட்டத்தை அளக்க வந்த கருவியே கூட்டத்தில் மூச்சுத் திணறிய கதை இது.

அந்தக் கருவி எத்தனை பேர் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து, கைப்பேசியிலா கணினியிலா, எந்தப் பக்கத்தில் நுழைந்தார்கள், எந்தப் பக்கத்தோடு போய்விட்டார்கள் என்றெல்லாம் சொல்லும். ஆனால் அது சொல்வதை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பழைய அனலிட்டிக்ஸில் ஒரு விசித்திரம் இருந்தது. ஒருவர் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதை, அவர் அடுத்த பக்கத்துக்குப் போகும்போதுதான் அது கணக்கிடும். ஆகவே புலனத்தில் வந்த இணைப்பைத் தொட்டு, ஒரு நீண்ட கட்டுரையை எட்டு நிமிடம் ஊன்றிப் படித்துவிட்டு மூடியவருக்குக் கணக்கில் விழுந்தது பூச்சியம் நொடி. வந்த வேகத்தில் ஓடியவர் என்று முத்திரையும் குத்தப்பட்டது. தமிழில் நீண்ட கட்டுரைகளை யாரும் படிப்பதில்லை என்று அந்த எண்ணைக் காட்டி முடிவு கட்டியிருந்தால், அது வாசகரின் குற்றமில்லை. 2023 ஜூலை முதல் தேதியோடு அந்தப் பழைய முறை நிறுத்தப்பட்டது. இப்போதைய நான்காம் பதிப்பில், 10 நொடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, தளத்துக்காரர் முக்கியம் என்று குறித்துவைத்த செயலைச் செய்தாலோ அது ஈடுபாடுள்ள வருகை என்று எண்ணப்படுகிறது. முன்பைவிடப் பரவாயில்லை.

இன்னும் சில பொறிகள் உண்டு. கணக்குத் தொடங்கும்போது நேர மண்டலத்தைக் கவனிக்காமல் அமெரிக்க மேற்குக்கரை நேரத்தில் விட்டுவிட்டால், நம் காலை 8 மணிக் கூட்டம் அறிக்கையில் முந்தைய நாள் பிற்பகலாகத் தெரியும். "நம் ஆட்கள் பிற்பகலில்தான் வருகிறார்கள்" என்று நினைத்து அந்த நேரத்துக்கு விளம்பரம் போட்டால், காசு போகும், ஆள் வரமாட்டார்.

தமிழில் முகவரி வைத்திருக்கும் தளங்களுக்கு இன்னொரு வேடிக்கை. கணினி ஒவ்வொரு தமிழ்க் குறியையும் மூன்று பைட்டாகச் சேமிக்கிறது. இணைய முகவரியில் அது ஒன்பது எழுத்தாக, விழுக்காட்டுக் குறியும் எண்ணும் கலந்த கோலமாக மாறிவிடும். 'கிள்ளான்' என்ற சொல்லில் மேல்விலங்கும் காலும் புள்ளியும் சேர்த்து எட்டுக் குறிகள். முகவரியில் அது 72 எழுத்து. இப்படி ஒரு முழுத் தலைப்பு முகவரியானால், நகலெடுத்துப் புலனத்தில் ஒட்டும்போது அரைப் பக்கத்துக்கு நீளும். பார்ப்பவர் ஏதோ மோசடி இணைப்பு என்று பயந்து தொடாமலே விடுவார். தமிழ் முகவரி அழகுதான், நானும் விரும்புகிறேன். ஆனால் பகிர்வதற்கு ஒரு குறுகிய முகவரியும் கூடவே இருப்பது நல்லது.

சராசரி என்ற பொய்

வேகத்துக்கு வருவோம். பத்துப் பேர் ஒரு பக்கத்தைத் திறக்கிறார்கள். ஒன்பது பேருக்கு ஒரு நொடியில் திறந்துவிட்டது. பத்தாவது ஆளுக்கு 21 நொடி. சராசரி எடுத்தால் 3 நொடி. ஆனால் 3 நொடியில் திறந்தவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை! அறிக்கையில் மட்டும் எல்லாம் சுகம்.

மனிதப் பொறுமைக்கு ஓர் எல்லை இருக்கிறது. கணினிப் பயன்பாட்டை ஆய்ந்த ஜேக்கப் நீல்சன் 1993-லேயே மூன்று எண்களைச் சொன்னார். பத்தில் ஒரு நொடிக்குள் நடந்தால் உடனே நடந்ததுபோல் தோன்றும். ஒரு நொடி வரை நினைவோட்டம் அறுபடாது. பத்து நொடி தாண்டினால் கவனம் வேறு எங்கோ போய்விடும். கைப்பேசி வந்தபிறகு நிலைமை இன்னும் இறுகிவிட்டது. திறக்க 3 நொடிக்கு மேல் ஆனால் கைப்பேசி வருகைகளில் 53 விழுக்காடு கைவிடப்படுகின்றன என்று கூகுளின் விளம்பரப் பிரிவு 2016-இல் வெளியிட்டது. விளம்பரம் விற்கிறவர் சொல்லும் எண்ணைக் கொஞ்சம் உப்புப் போட்டே எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் நீங்கள் எத்தனை நொடி காத்திருப்பீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

2020-இல் கூகுள் மூன்று அளவுகோல்களை முன்வைத்தது. 2024 மார்ச்சில் அவற்றில் ஒன்றை மாற்றியது. இப்போது இருப்பவை இவை. பக்கத்தின் பெரிய படமோ தலைப்போ இரண்டரை நொடிக்குள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லிநொடிக்குள் பக்கம் அசைய வேண்டும். மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. பக்கம் குதிக்கக் கூடாது. செய்தியைத் தொடப் போகிறீர்கள், அந்த நொடியில் மேலே ஒரு விளம்பரம் இறங்கி எல்லாவற்றையும் கீழே தள்ளிவிடுகிறது, உங்கள் விரல் கடன் விளம்பரத்தில் விழுகிறது. இந்தக் குதிப்புக்கும் ஓர் எண் உண்டு. 0.1-க்கு மேல் போனால் நல்ல தளம் இல்லை. தமிழ்ச் செய்தித் தளங்களைப் பார்க்கிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இந்த மூன்றையும் கூகுள் சராசரியில் பார்ப்பதில்லை என்பது கவனிக்க வேண்டியது. 100 வருகைகளை வேகமானதிலிருந்து மெதுவானது வரை வரிசையில் நிறுத்தி, 75-ஆவது வருகைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கிறது. சராசரியைவிட இது நேர்மையானது. இருந்தாலும் மேலே சொன்ன பத்தாவது ஆளை இதுவும் காப்பாற்றாது. வரிசையின் கடைசி 25 பேருக்கு என்ன நடந்தது என்பதைத் தளத்துக்காரர்தான் தேடிப் பார்க்க வேண்டும். எந்த மாடல் கைப்பேசி, எந்த உலாவி, எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு வகை மக்கள் மொத்தமாக அங்கே நிற்பார்கள்.

கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் பக்கத்தில் உங்கள் முகவரியை ஒட்டினால் இந்த எண்கள் வரும். இரண்டு பகுதியாக வரும். ஒன்று கணினி அந்த நேரத்தில் நடத்தும் சோதனை. மற்றொன்று கடந்த 28 நாளில் உண்மையாகவே குரோம் உலாவியில் வந்தவர்களின் அனுபவம். ஐபோன்காரர்கள் இரண்டாவது கணக்கில் சேரமாட்டார்கள். வருகை குறைந்த சிறு தளங்களுக்கு அந்தப் பகுதியே வராது. அவர்களுக்குச் சோதனை எண் மட்டும்தான்.

அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய நாடுகளும் விதிவிலக்கு இல்லை. 2013 அக்டோபர் 1-ஆம் தேதி அமெரிக்க அரசு தன் மருத்துவக் காப்புறுதித் தளத்தைத் திறந்தது. முதல் நாளில் பதிவை முழுமையாக முடித்தவர்கள் 6 பேர். ஆறு லட்சமில்லை, ஆறே பேர். சரிசெய்ய அழைக்கப்பட்ட குழுவில் கூகுளில் பணியாற்றிய மைக்கி டிக்கர்சனும் இருந்தார். அந்தக் குழு உள்ளே போய்ப் பார்த்தபோது, தளம் எப்படி ஓடுகிறது என்று காட்டும் ஒரு திரைகூட அங்கே இல்லை. நோயாளிக்குக் காய்ச்சல், வீட்டில் வெப்பமானி இல்லை. முதலில் அந்தத் திரையைத்தான் அமைத்தார்கள்.

கிள்ளானில் ஓர் அதிரசக் கணக்கு

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம் என்று நினைக்க வேண்டாம். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் பக்கத்துத் தாமானில் ஓர் அக்கா வீட்டிலிருந்தே தீபாவளிப் பலகாரம் செய்து விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை. தம்பி மகன் ஓர் அகப்பக்கம் செய்து கொடுத்திருக்கிறான். பெருநாளுக்கு மூன்று வாரம் முன்பு இணைப்பைப் புலனத்தில் அனுப்புகிறார். 400 பேர் வருகிறார்கள். 120 பேர் ஆர்டர் பக்கத்தைத் திறக்கிறார்கள். 9 பேர் ஆர்டரை முடிக்கிறார்கள். அக்காவின் முதல் எண்ணம், "விலை அதிகமாயிடுச்சோ?" ஒரு டப்பாவுக்கு இரண்டு வெள்ளி குறைக்கிறார். லாபம் போகிறது. ஆர்டர் கூடவில்லை.

விலையில் கைவைக்கும் முன் பார்க்க வேண்டியவை வேறு. 400-இல் 280 பேர் முதல் பக்கத்தோடு போய்விட்டார்கள். ஏன்? மருமகள் கைப்பேசியில் எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் 4 மெகாபைட். பன்னிரண்டு படம். அதிரசத்தைக் கைப்பேசித் திரையில் உள்ளங்கை அளவுக்குக் காட்ட 4 மெகாபைட் தேவையே இல்லை. சுருக்கினால் 150 கிலோபைட்டுக்குள் அதே அதிரசம் அதே பளபளப்போடு தெரியும். சுருக்கித் தரும் இலவசத் தளங்கள் நிறைய. ஒரு மாலைப்பொழுது வேலை.

அடுத்து, 120 பேர் ஆர்டர் பக்கம் வரை வந்தார்களே, அவர்களில் 111 பேர் எங்கே போனார்கள்? வாங்க நினைத்து வந்தவர்கள் அவர்கள். படிவத்தில் மின்னஞ்சல் கட்டாயம், அஞ்சல் குறியீடு கட்டாயம், கடவுச்சொல் வைத்துக் கணக்குத் தொடங்குவதும் கட்டாயம் என்று இருந்தால், முறுக்கு வாங்க வந்த அத்தைக்கு இது வங்கிக் கடன் விண்ணப்பம் மாதிரிதான் தெரியும். பெயர், தொலைபேசி எண், எத்தனை டப்பா. இந்த மூன்று போதும். மீதியை அக்கா போனில் கேட்டுக்கொள்ளலாம். அத்தைக்கும் அதுதான் பிடிக்கும்.

எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கவே கருவி இருக்கிறது. 2020-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட கிளாரிட்டி அப்படிப்பட்டது, அதுவும் இலவசம். விரல் எங்கே பட்டது, எதுவரை உருட்டினார்கள், எந்தப் பொத்தானை எரிச்சலோடு மீண்டும் மீண்டும் குத்தினார்கள் என்று படம்போலக் காட்டும். பத்துப் பதிவுகளைப் பார்த்தாலே போதும். பொத்தான் என்று நினைத்து வெறும் படத்தைத் தொட்டுக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும்.

அக்காவுக்கு இன்னொரு குழப்பமும் வரும். அறிக்கையில் பெரும்பாலான வருகைகள் 'நேரடி' என்று இருக்கும். "நம்ம முகவரியை எல்லாரும் மனப்பாடமா வச்சிருக்காங்க" என்று மகிழ்ந்துபோக வேண்டாம். புலனத்திலிருந்து வருபவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற தடயம் கருவிக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. தெரியாதவர்களை எல்லாம் அது நேரடி என்ற மூட்டையில் போட்டுவிடுகிறது. இதற்கு எளிய வழி, இணைப்பின் வாலில் ஓர் அடையாளம் சேர்ப்பது. கோயில் குழுவுக்கு ஓர் அடையாளம், பள்ளிப் பெற்றோர் குழுவுக்கு ஓர் அடையாளம், முகநூலுக்கு ஓர் அடையாளம். இதைச் செய்து தரும் பக்கத்தையும் கூகுளே வைத்திருக்கிறது. பெருநாள் முடிந்ததும் எந்தக் குழு வெறுமனே பார்த்தது, எந்தக் குழு வாங்கியது என்று தெரியும். பார்த்தவர் அதிகமான இடமும் வாங்கியவர் அதிகமான இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. முகநூல் விளம்பரத்துக்கு 200 வெள்ளி கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

பார்ப்பதற்கும் ஓர் எல்லை

இவ்வளவு பார்க்கலாமா என்று ஒரு கேள்வி உங்களுக்கு எழுந்திருக்கும். எனக்கும் எழுந்தது. கடை முதலாளி வாசலைப் பார்ப்பது வேறு, வந்தவரின் பையைத் திறந்து பார்ப்பது வேறு. நம் நாட்டில் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. வணிகத்துக்காகப் பெயர், தொலைபேசி எண், முகவரி வாங்குபவர் எதற்காக வாங்குகிறார் என்று சொல்ல வேண்டும், அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், பத்திரமாக வைக்க வேண்டும். 2024-இல் சட்டம் திருத்தப்பட்டு, இந்தக் கோட்பாடுகளை மீறினால் விதிக்கப்படும் அபராதத்தின் உச்ச வரம்பு 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சமாக உயர்ந்தது. தரவு கசிந்தால் தெரிவித்தாக வேண்டும் என்பது 2025 ஜூன் முதல் நடப்புக்கு வந்தது. கூட்டரசு, மாநில அரசுகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அது வேறு ஒரு நாள் பேச வேண்டிய கதை.

வீட்டில் பலகாரம் விற்பவரை நாளைக்கே யாரும் பிடித்துக்கொண்டு போகப் போவதில்லை. ஆனால் போன வருடம் அதிரசம் வாங்கிய 300 பேரின் எண்களை, "நம்ம பையன் காப்புறுதி விற்கிறான்" என்று தூக்கிக் கொடுப்பது நடக்கிறது. அதை அனலிட்டிக்ஸ் செய்யவில்லை, நாம்தான் செய்கிறோம். வருகையை அளக்கும் கருவிகள் பெயரைக் கேட்பதில்லை. கிளாரிட்டி, படிவத்தில் தட்டச்சு செய்வதை மறைத்தே பதிகிறது. அனலிட்டிக்ஸின் நான்காம் பதிப்பு இணைய முகவரி எண்ணைச் சேமித்து வைப்பதில்லை. எத்தனை பேர் எந்த இடத்தில் விட்டுப் போனார்கள் என்று தெரிந்தால் அக்காவுக்குப் போதும். போனவர் யார் என்று தெரிய வேண்டியதில்லை.

கருவி எதுவும் வேண்டாம், உடனே ஒரு சோதனை செய்ய வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். வீட்டில் இருப்பதிலேயே பழைய கைப்பேசியை எடுத்துக்கொள்ளுங்கள், அம்மாவுடையதோ தாத்தாவுடையதோ. வைஃபையை அணைத்துவிட்டுக் கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் போகும் கொமியூட்டரில் ஏறுங்கள். வண்டி கிளம்பியதும் உங்கள் சொந்த அகப்பக்கத்தைத் திறந்து, ஒரு வாடிக்கையாளர் மாதிரி ஒரு டப்பா முறுக்கு ஆர்டர் செய்து பாருங்கள். எந்த நிலையத்தில் முடிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாடாங் ஜாவா தாண்டியும் வெள்ளைத் திரையே தெரிந்தால், முதலில் அந்த அதிரசப் படத்தைச் சுருக்குங்கள்.